கிளுவை வாசல்

முள்கிளுவைக் குச்சியை எந்த மாதத்தில் ஊன்றினாலும் பிடித்துக்கொள்ளும், ஐயா. ஆனாலும் சாரல் காலத்தில் ஊன்றியதற்கு ஒரு தனி வேகம் உண்டு. குற்றாலத்து மலையிலிருந்து எங்கள் இலத்தூர் வரைக்கும் காற்று தூறலை அள்ளிக்கொண்டு வரும் நாட்களில், குச்சி ஊன்றியதையே நாம் மறந்திருப்போம். அது துளிர்விட்டு நிற்கும். தண்ணீர் ஊற்ற வேண்டாம், உரம் வேண்டாம். வேலிக்கு அதைவிட நல்ல செடி கிடையாது. உங்கள் ஆட்கள் அதை வெட்டிக்கொண்டு உள்ளே வந்தபோது ஒருவருக்குக் கையெல்லாம் கீறிவிட்டது என்று சொன்னார்கள். அதற்காக வருத்தப்படுகிறேன். முன்கூட்டிச் சொல்லியிருந்தால் ஏணி தந்திருப்பேன்.

நடந்ததை ஒழுங்காகச் சொல்லச் சொன்னீர்கள். ஒழுங்காகச் சொல்ல வேண்டும் என்றால் தோட்டத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

என் பெயர் பரமசிவன். பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவன். மற்ற பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன வயதில் நான் வெங்காய மூட்டைக்கு அடியில் தலையைக் கொடுத்துவிட்டேன். அந்த மார்க்கெட்டுச் சத்தம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஏலம் விடுகிறவர் ஒரு பக்கம் கத்துவார். டெம்போக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்க மாட்டார். கேரளாவுக்குச் சரக்கு ஏற்றும் லாரிக்காரர் மலையாளத்தில் அவசரப்படுத்துவார். மூட்டை தலையில் இருக்கும்போது இரண்டு கையும் மேலே இருக்கும். காதைப் பொத்திக்கொள்ளக் கை இருக்காது. மூட்டை தூக்குகிறவனைப் பார்க்கிறவர்கள் பாரத்தைத்தான் பார்ப்பார்கள். எனக்குப் பாரத்தைவிடச் சத்தம்தான் தாங்க முடியாமல் இருந்தது.

முதுகு விட்டுப்போன பிறகு குற்றாலத்தில், ஐந்தருவிக்குப் போகிற வழியில், ஒரு ரிசார்ட்டில் தோட்ட வேலை கிடைத்தது. வெளியூர்க்காரர்கள் கார் போட்டு வந்து, செடிகளுக்கு நடுவில் தொங்கும் மூங்கில் ஊஞ்சலில் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பார்கள். ஒன்றும் செய்யாமல் உட்காருவதற்காகவே அவ்வளவு தூரம் வருகிறார்கள் என்பது எனக்குப் புரியக் கொஞ்ச நாள் ஆயிற்று. புரிந்த பிறகு, உலகத்திலேயே சரியான காரியத்தைச் செய்கிறவர்கள் அவர்கள்தான் என்று பட்டது.

அந்தத் தோட்டத்தில் கல் அடுக்கி மோட்டார் வைத்து ஒரு சின்ன அருவி செய்திருந்தார்கள். நிஜ அருவி கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது இது எதற்கு என்று சூப்பர்வைசர் வேல்ராஜிடம் கேட்டேன்.

"ஏ அண்ணாச்சி, இது பாக்குததுக்கு இல்ல, கேக்குததுக்கு," என்றான். "ரோட்டுல போற பஸ்ஸு சத்தம் உள்ள வரக்கூடாதுல்லா. தண்ணி விழுத சத்தத்துக்கு முன்னால வேற ஒரு சத்தமும் நிக்காது. இங்கன ஒருத்தன் தொண்ட கிழியக் கத்துனாலும் செவத்துக்கு அங்கிட்டு ஒருத்தனுக்கும் கேக்காது, பாத்துக்கிடுங்க."

அதுவரைக்கும் அமைதி என்றால் சத்தம் இல்லாமல் இருப்பது என்று நினைத்திருந்தேன். ஒரே ஒரு நல்ல சத்தத்தை வைத்து மற்ற எல்லாச் சத்தத்தையும் அடைத்துவிடலாம் என்பது எனக்குப் புதிய பாடமாக இருந்தது.

என் மனைவி கல்யாணசுந்தரி பீடி சுற்றுகிறவள். எங்கள் பக்கத்துப் பெண்களில் பீடி சுற்றாதவள் குறைவு. சாப்பாட்டு வேலை முடிந்ததும் நாலைந்து பெண்கள் மடியில் தட்டை வைத்துக்கொண்டு எங்கள் வீட்டு முன்னால் முருங்கை நிழலில் வந்து உட்காருவார்கள். சுந்தரிக்கு வாயும் விரலும் சேர்ந்துதான் ஓடும். இலையில் தூளை வைத்து உருட்டி, நுனியை மடக்கி, நூலைச் சுற்றி அறுத்துப் போடுவதற்குள் ஒரு கதையைச் சொல்லி முடித்துச் சிரிக்கவும் செய்திருப்பாள். அவள் விரல்கள் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. தூக்கத்தில்கூட இல்லாத இலையை உருட்டிக்கொண்டிருக்கும்.

எட்டாவது வரை படித்தவள். எனக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்ததும் அவள்தான், தலை நரைத்த பிறகு. பேப்பரில் பெரிய எழுத்தை எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவேன். சின்ன எழுத்து எனக்கு எறும்புச் சாரை மாதிரி ஓடும். அதை அவள் படித்துச் சொல்வாள். சாயங்காலம் விளக்குப் போட்டதும் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கண்ணீர் அஞ்சலி விளம்பரம் வரைக்கும் விடாமல் வாசித்துக் காட்டுவாள். எங்கள் இருவருக்கும் அது ஒரு பழக்கம்.

எங்களுக்கு ஒரே மகள், உமாராணி. பென்னி என்று ஒரு வேதக்கார, அதாவது கிறிஸ்தவப் பையனை விரும்பிக் கட்டிக்கொண்டு ஓசூரில் இருக்கிறாள். எனக்கு அதில் ஒரு குறையும் கிடையாது. பங்குனி மாதம் அவள் உண்டாகியிருப்பதாகச் செய்தி வந்தது. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தானே. மகள் வந்து இருக்கப்போகிறாள் என்று சொல்லித்தான் தோட்ட வேலையை ஆரம்பித்தேன்.

முருங்கையை எடுத்தேன். ரிசார்ட்டில் கழித்துப்போட்ட கன்றுகளைச் சைக்கிளில் வைத்துக் கொண்டுவந்தேன். செம்பருத்தி, பிச்சி, பெரணி, ஒரு ரம்புட்டான், மூலையில் மூங்கில் என்று வைத்தேன். ரிசார்ட்டில் இருப்பது மாதிரி ஒரு ஊஞ்சலும் தொங்கவிட்டேன். கல்லை அடுக்கி, அடியில் தொட்டி கட்டி, சின்ன மோட்டார் வைத்து எனக்கும் ஒரு அருவி செய்தேன். பின்பக்கம் வயல். அந்தப் பக்கம் ஹாலோபிளாக் கல்லில் ஆள் உயரத்துக்கு மேல் சுவர் எழுப்பினேன். மற்ற மூன்று பக்கமும் ஏற்கெனவே முள்கிளுவை வேலி அடர்ந்து நின்றது. முன்பக்கத்தில், தெருவுக்குப் போக, ஒரு மூங்கில் படல் மட்டும் இருந்தது. அதுதான் வாசல். வெயில் காலத்தில் ஆரம்பித்த வேலை, முதல் சாரல் விழுவதற்குள் முடிந்துவிட்டது.

மோட்டாரைப் போட்டுக் காட்டியபோது சுந்தரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"ஏங்க, இது நம்ம வீடுதானா? உள்ள போனா டிக்கெட் கேப்பாங்களோன்னு இருக்கு."

அவளோடு பீடி சுற்றும் வள்ளித்தாயும் வந்திருந்தாள். "ஏட்டி சுந்தரி, இனி ஒன் வீட்டுக்கு வரணும்னா எண்ண தேச்சிக் குளிச்சிட்டுல்லா வரணும்," என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அவர்கள் சிரிப்பில் அருவிச் சத்தம் கேட்காமல் போனதைக் கவனித்தேன்.

அதனால்தான் பீடித் தூள் செடிக்கு ஆகாது என்று அவர்களை வர வேண்டாம் என்றேன். பிறகு சுந்தரியையும் சுற்ற வேண்டாம் என்றேன். உழைத்தது போதும், உட்கார் என்றேன். இதில் தப்பு இருந்தால் சொல்லுங்கள். எத்தனை பெண்கள் இப்படி ஒரு வார்த்தைக்காகக் காத்துக் கிடக்கிறார்கள்.

ஊஞ்சலில் உட்காருவாள். கொஞ்ச நேரத்தில் விரல்கள் ஆரம்பித்துவிடும். இல்லாத இலையை எடுத்து, இல்லாத தூளை வைத்து உருட்டும். "சும்மா இருக்கதுதான் பெரிய சோலியா இருக்கு," என்பாள். பழகிவிடும் என்று சொன்னேன்.

ஆடி பிறந்ததும் ஓசூர் டாக்டர் உமாராணியைப் பயணம் செய்யக் கூடாது, படுக்கையிலேயே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். சுந்தரி அன்றைக்கே சுக்கு இடித்தாள்; பேறுகால மருந்துக்குச் சாமான் சேர்த்தாள்.

"நாந்தானங்க போவணும். அவளுக்கு வேற யாரு இருக்கா? பேறுகாலம் பாத்து, பிள்ள எந்திரிச்சு நடக்குத வரைக்கும் இருந்துட்டு வந்துருதேன். நீங்களும் வாங்களேன்."

ஓசூருக்கு நான் ஒரு தடவை போயிருக்கிறேன். ஜன்னலுக்குக் கீழேயே லாரி போகிற ரோடு. தலையில் மூட்டை இல்லாமலே மூட்டைக்கு அடியில் நிற்கிறது மாதிரி இருந்தது. நான் வரவில்லை என்றேன்.

"எனக்குச் சோறு?" என்று கேட்டேன்.

"வள்ளித்தாய்ட்ட சொல்லிட்டேன். அவ பொங்கித் தருவா. நீங்க என்ன கைப்பிள்ளையா?" என்று சிரித்துவிட்டு, பெங்களூர் பஸ்ஸுக்கு டிக்கெட் போட மருமகனிடம் சொல்லப் போனாள்.

சோறு பெரிய விஷயம் இல்லை. அவள் போனால் சாயங்காலம் யார் பேப்பர் வாசிப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். அந்தச் சின்ன எழுத்தெல்லாம் யாரும் படிக்காமல் அப்படியே கிடக்கும். அவ்வளவு பாடுபட்டுச் செய்த தோட்டத்தில் நான் ஒருவன் மட்டும் உட்கார்ந்திருப்பேன். அதற்குப் பெயர் அமைதி இல்லை, ஐயா. அதற்கு வேறு பெயர் இருக்கிறது. எனக்கு அது தெரியாது.

படல் உளுத்துப்போயிருந்தது. குரங்கு அதன் வழியாகத்தான் உள்ளே வந்து செம்பருத்தி மொட்டைக் கடித்துப் போடும். அதை எடுத்துவிட்டு, அந்த இடைவெளியில் கிளுவையை நெருக்கமாக ஊன்றிக் குறுக்கே கட்டினேன். காய்ந்த குச்சி கைக்குக் கிடைக்கவில்லை, பச்சைக் குச்சியைத்தான் ஊன்றினேன். நல்ல சாரல், மண்ணெல்லாம் ஈரம். மீதியை மண் பார்த்துக்கொண்டது.

பஸ்ஸுக்குக் கிளம்பிய அன்று அவள் பையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்று பார்த்தாள்.

"வாசல் எங்கங்க?"

"அங்கனதான் இருக்கு. கொரங்குக்காக அடச்சிருக்கேன்."

"அப்பம் நான் எப்படிப் போவ?"

"இன்னைக்குச் சாரலு பலமா இருக்கு. நாளைக்குப் போலாம்."

நாளைக்கு என்று நான் சொன்னது பொய் இல்லை. மறுநாளும் அப்படித்தான் சொன்னேன். அப்போதும் அது பொய் இல்லை. ஒவ்வொரு தடவையும் நாளைக்கு என்றுதான் நினைத்தேன். இதற்குள் குச்சிகளில் துளிர் வந்துவிட்டது. துளிர் வந்ததை வெட்ட மனம் வரவில்லை.

அவள் கையால் பிடுங்கப் பார்த்தாள். முள் கிழித்து உள்ளங்கை முழுக்க இரத்தம். நான்தான் மஞ்சள் வைத்துக் கட்டினேன். அருவாளையும் கடப்பாரையையும் எடுத்து வீட்டில் இல்லாமல் செய்தேன், இன்னொரு தடவை காயப்படக் கூடாது என்று.

அவள் போனைப் பற்றிக் கேட்டீர்கள். என்னுடையது எப்போதும் என் மடியிலேயே இருக்கும். குரங்கு தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று அவளிடம் சொன்னேன். குற்றாலத்தில் குரங்கு தூக்காத போனா. தண்ணீர்த் தொட்டியில் நான்தான் போட்டேன் என்றாலும், குரங்கு செய்யக்கூடிய காரியம்தான் என்பதால் அதை முழுப் பொய் என்று சொல்ல முடியாது.

நான் வெளியே போய்வர வேண்டுமே. பின்சுவரில் ஏணி வைத்து ஏறி, அந்தப் பக்கம் ஏணியை இறக்கிக்கொள்வேன். ஏணி உள்ளே கிடந்தால் குரங்கு ஏறும். வீட்டிலேயே உட்கார்ந்து பீடி சுற்றிச் சுற்றி அவளுக்கு இரண்டு முழங்காலும் போயிருந்தன. ஏணி அவளுக்குப் பயன்படாது. இந்த முதுகை வைத்துக்கொண்டு தினமும் சுவர் ஏறி இறங்கினேன். அந்தக் கஷ்டத்தையும் அவளுக்காகத்தான் பட்டேன்.

எதிர்வீட்டு மந்திரமூர்த்தி அண்ணாச்சி பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். நான் ஏணியோடு வயல் வழியாகச் சுற்றி வருவதைப் பார்த்துவிட்டு, "ஏ பரமசிவா, சொந்த வீட்டுக்குள்ள போவ ஏணி வச்ச ஆளு இந்தத் தாலுகாவுலயே நீ ஒருத்தன்தாம்டே," என்றார்.

"கொரங்குத் தொல்ல, அண்ணாச்சி."

"கொரங்கு இப்பம் உள்ளயா வெளியயான்னு எனக்கே சந்தேகமா இருக்கு," என்று சிரித்தார். "வீட்டுக்காரி எங்க, சத்தத்தையே காணும்?"

"ஓசூருக்குப் போயிருக்கா. மகளுக்குப் பேறுகாலம்."

ஊரில் எல்லாருக்கும் அப்படித்தான் சொன்னேன். வள்ளித்தாய்க்கு மட்டும் மனத்தாங்கல். கிளம்பும்போது ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாளே என்று. சோறு நானே பொங்கிக்கொள்கிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். உமாராணியிடம், அம்மாவுக்கு முழங்காலுக்குப் புனலூரில் எண்ணெய் வைத்தியம் நடக்கிறது, அங்கே போன் கொடுக்க மாட்டார்கள் என்று சொன்னேன்.

"எனக்குப் பேறுகாலத்துக்கு வராம அம்மைக்கு இப்பந்தான் வைத்தியமா, யப்பா?" என்று அழுதாள். "ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லாமலா போனா?"

எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. என்ன செய்ய. ஊருக்கு அவள் ஓசூரில் இருந்தாள். ஓசூருக்கு அவள் புனலூரில் இருந்தாள். எனக்கு மட்டும் அவள் வீட்டில் இருந்தாள்.

பகலில் அவள் வேலியோரம் நின்று கூப்பிட்டுப் பார்ப்பாள். வள்ளித்தாயைக் கூப்பிடுவாள். உமாராணியைக்கூட ஒரு தடவை கூப்பிட்டாள், ஓசூர் வரைக்கும் கேட்கிற மாதிரி. நான் தடுக்கவில்லை. மோட்டாரைக் கொஞ்சம் கூட்டி வைப்பேன், அவ்வளவுதான். வேல்ராஜ் சொன்னது உண்மைதான், ஐயா. தெருவில் போகிறவர்கள் நின்று, "நல்லாத்தான் கட்டிருக்கான் அருவிய," என்று பேசிக்கொண்டு போவார்கள்.

அவளை நான் அடித்ததில்லை. பட்டினி போட்டதில்லை. பிச்சிப்பூ இல்லாமல் ஒரு நாள் வந்ததில்லை. தினம் பேப்பர் வாங்கி வருவேன். கோபம் இருந்த நாளிலும் சாயங்காலம் வாசித்துக் காட்டுவாள். வாசிக்கும்போது குரல் பழையபடி இருக்கும். அந்த நேரத்துக்காகத்தான் நான் நாள் முழுக்க இருந்தேன். வாசித்து முடித்துப் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்பாள், "நாளைக்குத் தொறந்துவிடுதியளா?" என்று. சில நாள் என் காலைப் பிடித்துக்கொண்டும் கேட்டாள். நாளைக்கு என்பேன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. வேலி ஒரே பச்சையாகிவிட்டது. வாசல் எந்த இடத்தில் இருந்தது என்று எனக்கே தேட வேண்டியதாயிற்று.

கார்த்திகையில் பென்னி போன் பண்ணினான். பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் நல்லபடியாக இருக்கிறார்கள் என்றான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவளிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம், சொன்னால் மனசு அலையும் என்று முடிவு செய்திருந்தேன். ஆனாலும் கால் என்னைத் தென்காசிக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது. மைசூர்பாகு வாங்கிக்கொண்டு ஏணியில் ஏறி இறங்கினேன். அவள் பொட்டலத்தைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"ஆணா, பொண்ணா?" என்றாள்.

"பொண்ணு."

ஊஞ்சல் சங்கிலியைப் பிடித்துக்கொண்டாள். இனிப்பைத் தொடவில்லை. "ஒரே ஒரு தடவ பாத்துட்டு வந்துருதேன். தூக்கக்கூட வேண்டாம். பாத்துட்டு வந்துருதேன்," என்றாள்.

கார்த்திகையில்தான் தோட்டம் பார்க்க நன்றாக இருக்கும், இதை விட்டுவிட்டுப் போகலாமா என்றேன்.

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. வேலியோரமும் போகவில்லை. ஊஞ்சலில் உட்கார்ந்து விரலை உருட்டிக்கொண்டிருப்பாள். கேட்டதற்குப் பதில் சொல்வாள், சாப்பிடுவாள். நான் ரிசார்ட்டில் பார்த்தவர்கள் மாதிரியே இருந்தாள். ஒருவழியாக அவளுக்கு அந்த இடம் பிடித்துவிட்டது என்று நம்பினேன். அந்தச் சில நாட்கள்தான், என்னைக் கேட்டால், எங்கள் கல்யாண வாழ்க்கையில் நல்ல நாட்கள்.

அந்த நாட்களில் ஒரு சாயங்காலம் வழக்கம்போலப் பேப்பர் வாசித்தாள். நானும் வழக்கம்போலக் கேட்டேன். எல்லாவற்றையும் வாசித்தாள் என்றுதான் நினைத்தேன். கீழே ஓரத்தில் சின்ன எழுத்தில் ஒன்று இருந்ததை நீங்கள் காட்டி வாசித்த பிறகுதான் எனக்குத் தெரியும். மின்வாரியப் பராமரிப்பு, நாளை காலை முதல் மாலை வரை மின்தடை, கீழ்க்கண்ட ஊர்கள். அதில் இலத்தூரும் இருந்தது. அதை அவள் வாசிக்கவில்லை. எத்தனையோ காலமாக அஞ்சலி விளம்பரத்தைக்கூட விடாதவள், அதை மட்டும் தாண்டிப் போயிருக்கிறாள். இவ்வளவு நடந்ததில் எனக்கு மனசு ஆறாதது அதுதான், ஐயா. நம்பித்தானே கேட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் மூங்கிலுக்கு அடியில் சருகு கூட்டிக்கொண்டிருந்தேன். அருவி திடீரென்று நின்றது. அந்தத் தோட்டத்தில் அப்படி ஒரு நிசப்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை. கல்லிலிருந்து கடைசிச் சொட்டு விழுவது கேட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. ஃபேன் நின்றுவிட்டது என்று தெருவில் எல்லாரும் வெளியே வந்து உட்காருகிறார்கள். வள்ளித்தாய் யாரையோ திட்டிச் சிரிக்கிறாள். மந்திரமூர்த்தி அண்ணாச்சி இருமுகிறார். ஊர் அவ்வளவு பக்கத்தில் இருந்தது.

சுந்தரி ஊஞ்சலில் இல்லை. அடைத்த வாசலுக்குப் பக்கத்தில் நின்றாள். புடவையை நன்றாகக் கட்டி, தலை சீவிப் பூ வைத்திருந்தாள்.

"மந்திரமூர்த்தி அண்ணாச்சி," என்று கூப்பிட்டாள். கத்தவில்லை. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுகிற மாதிரிதான் கூப்பிட்டாள். "அண்ணாச்சி, நான் சுந்தரி. நான் எங்கயும் போவல. இங்கனதான் இருக்கேன்."

நான் ஓடிப்போய் அவள் வாயைப் பொத்தினேன். அவளை இழுத்து என் மடியோடு சாய்த்துக்கொண்டு அருவிக் கல்லுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். மூட்டை தூக்கிய கை, ஐயா, மூக்கு வரைக்கும் மூடிவிடும். முதுகுதான் போயிற்று, கை போகவில்லை.

அண்ணாச்சி வேலிக்கு வந்துவிட்டார். இலைக்கு நடுவில் அவர் வெள்ளை பனியன் தெரிந்தது.

"ஏ பரமசிவா, உள்ள யாருடே? பொம்பளக் கொரலு கேட்டுச்சு."

"டிவி, அண்ணாச்சி," என்றேன்.

"சத்தத்தக் கொறச்சு வய்யிடே. தெரு வரைக்கும்லா கேக்குது," என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

நல்ல மனிதர். கொஞ்சம் நிதானமாக யோசிப்பவர். நாற்காலியில் உட்கார்ந்து துண்டால் விசிறிக்கொண்டிருந்தபோதுதான், தான் எதற்காக விசிறிக்கொண்டிருக்கிறோம் என்று அவருக்கு உறைத்திருக்கிறது. கரண்ட் இல்லாமல் பரமசிவன் வீட்டில் மட்டும் டிவி எப்படி ஓடும் என்று வள்ளித்தாயிடம் கேட்டிருக்கிறார். அவள்தான் முதலில் எழுந்து ஓடி வந்தாளாம். அண்ணாச்சி உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் போட்டாராம்.

அதற்குள் என்ன நடந்தது என்பதைத்தான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். ஒன்றும் நடக்கவில்லை. நான் கையை எடுக்கவில்லை, அவ்வளவுதான். எடுத்தால் கூப்பிடுவாள். தெரு முழுக்க ஆட்கள். சாதாரணமாகப் போகிற கரண்ட் மாதிரி இப்போது வந்துவிடும், வந்ததும் அருவி விழும், விழுந்ததும் கையை எடுத்துவிடலாம் என்று காத்திருந்தேன். சாயங்காலம்தான் வரும் என்று எனக்குத் தெரியாது. அது தெரிந்தவள் அவள் ஒருத்திதான். என்னிடம் சொல்லியிருக்கலாம்.

முதலில் என் கையைக் கீறினாள். தழும்பைப் பார்த்தீர்கள். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அவள் கை இரண்டும் மடியில் விழுந்து, விரல்கள் பழையபடி உருட்ட ஆரம்பித்தன. இலையை எடுத்தன, தூளை வைத்தன, நுனியை மடக்கின. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவையும் நின்றுவிட்டன. அவள் விரல்கள் சும்மா இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். இதற்காகத்தானே இவ்வளவும் செய்தோம் என்று இருந்தது. கையை அப்போதும் எடுக்கவில்லை. தூங்குகிறவளை எழுப்ப வேண்டாம் என்று.

நீங்களும் உங்கள் ஆட்களும் வேலியை வெட்டும் சத்தம் கேட்டது. கிளுவை பச்சையாக வெட்டுப்பட்டால் பால் மாதிரி ஒன்று கசியும். உடம்பில் பட்டால் கழுவிக்கொள்ளச் சொல்லுங்கள். நீங்கள் வந்து என் கையைப் பிரித்து எடுத்தீர்கள். சாயங்காலம், அவளைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, கரண்ட் வந்து அருவி தானாக விழுந்ததாம். உங்கள் காவலர் ஒருவர் பயந்து விலகினார் என்று சொன்னார்கள். அதில் பயப்பட ஒன்றும் இல்லை. மோட்டார் சுவிட்சை நான் அணைக்கவில்லை.

உமாராணி குழந்தையோடு வந்திருப்பதாகச் சொன்னீர்கள். என்னைப் பார்க்க மாட்டேன் என்றுவிட்டாளாம். அது அவள் இஷ்டம். பேத்திக்கு அந்த ஊஞ்சல் பிடிக்கும் என்று மட்டும் சொல்லுங்கள்.

எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. வாசலில் கிளுவை ஊன்றியது நான். போனைத் தண்ணீரில் போட்டது நான். ஊருக்கும் மகளுக்கும் பொய் சொன்னது நான். அவள் வாய் மேல் இருந்தது என் கை. வேறு யார் கையும் இல்லை. அவள் செத்தது என் கையால்தான். எதையும் மறைக்கவில்லை. கீழே கையெழுத்தும் போட்டுத் தருகிறேன், அவள் சொல்லிக்கொடுத்த எழுத்துத்தான்.

ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டில் பூட்டு என்று ஒன்று இருந்ததே இல்லை. நீங்களே தேடிப் பார்த்தீர்கள். போக வேண்டும் என்று அவள் ஒரே ஒரு தடவை வாய் திறந்து கேட்டிருந்தால், நானே அருவாளை எடுத்து வாசலை வெட்டிவிட்டிருப்பேன்.